ஹைதராபாத் டாக்டர் லாரி

டாக்டர் எட்வர்ட் லாரியை எங்கள் ஹைதராபாத்தில் இன்று நினைப்பவர் சிலரே. உஸ்மானியா மருத்துவக் கல்லூரியின் முன்னோடியான மெடிகல் ஸ்கூலை நடத்தியவர். குளோரோஃபார்ம் மயக்கத்தில் சிலர் இறப்பது ஏன் என்று 1888ல் ஆராய்ந்தார். லண்டன் மருத்துவர்கள் ஏற்கவில்லை. நிஜாம் 1,000 பவுன் தர, 1889ல் அங்கிருந்தே நிபுணர் ஒருவர் வந்தார். முடிவு மாறவில்லை: முதலில் நிற்பது மூச்சு; நாடியை அல்ல, மூச்சையே கவனிக்க வேண்டும்.

1911ல் லெவி என்பவர், லேசான மயக்கத்தில் இதயத் தசை தாறுமாறாகத் துடித்தும் உயிர் போகும் என்று நிரூபித்தார். 1947ல் அமெரிக்காவில் டாக்டர் பெக், அத்தகைய துடிப்பை மின்னதிர்ச்சியால் அடக்கி ஒரு சிறுவனைப் பிழைக்க வைத்தார்.

விஞ்ஞானம் படித்த எனக்கு லாரி மீது மதிப்பு குறையவில்லை. அவர் கண்டது பாதி உண்மை. அங்கத்தினர்கள் முதலுதவி கற்கும்போது மூச்சு, இதயம் இரண்டையும் கவனிக்கக் கற்க வேண்டுகிறேன்.