ஹான்ஸ் அஸ்பேர்கர் (1906 – 1980)



பஸ் நேர அட்டவணை முழுவதையும் மனப்பாடமாகச் சொல்லும் ஒரு மாணவனை நினைத்துப் பாருங்கள். இடைவேளையில் நண்பர்களோடு எப்படிக் கதைப்பது என்று தெரியாமல் அவன் தனித்து நிற்பான். இன்னொரு பிள்ளை பத்து வயதாகியும் பேசுவதில்லை. பெரிய சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு அழும். இவ்விருவருக்கும் இன்று வைத்தியர்கள் ஓட்டிசம் (மதியிறுக்கம்) என்ற ஒரே பெயரைக் கூறக்கூடும். அப்படியாயின் இருவருக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை எவ்வாறு குறிப்பிடுவது? இவ்வினாவோடு தொடர்புடைய ஒரு வைத்தியரின் வாழ்க்கையை இப்பாடத்தில் நோக்குவோம்.

இளமையும் பணியும்

ஹான்ஸ் அஸ்பேர்கர் 1906 பெப்ரவரி 18ஆம் திகதி ஒஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில் பிறந்தார். வியன்னாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கற்று 1931இல் பட்டம் பெற்றார். அப்பல்கலைக்கழகச் சிறுவர் வைத்தியசாலையில் சேர்ந்து, சில ஆண்டுகளில் அங்கிருந்த சிகிச்சைக் கல்விப் பிரிவின் பொறுப்பாளரானார். பிள்ளைகளின் விளையாட்டு, படிப்பு, அன்றாடப் பழக்கங்கள் என்பவற்றை அருகிலிருந்து அவதானிப்பது அப்பிரிவின் வழக்கமாகும்.

அங்கு சில சிறுவர்கள் அவரது கவனத்தை ஈர்த்தனர். அவர்கள் பெரியவர்களைப் போலப் பேசினர். ஒரே விடயத்தில் மூழ்கியிருந்தனர். ஆனால் பிறரோடு பழகச் சிரமப்பட்டனர். இத்தகைய நான்கு சிறுவர்களைப் பற்றி விரிவாக எழுதிய ஆய்வை அவர் 1944இல் வெளியிட்டார். அதற்கு முந்திய ஆண்டில், ஐக்கிய அமெரிக்காவில் லியோ கனர் என்ற வைத்தியர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதியிருந்தார். அவர்களுள் சிலர் பேசவே இல்லை.

இந்நிலை திறமை மிக்கவர்கள் முதல் கடும் அறிவாற்றல் குறைபாடு உடையவர்கள் வரை பலரிடத்தும் காணப்படும் என்று அஸ்பேர்கர் கண்டார். ஆயினும் அவரது நம்பிக்கையான கருத்துக்கள் பெரும்பாலும் திறமை மிக்கவர்களைப் பற்றியவையே. ஏனையோரின் நிலை என்னவாயிற்று?

இருண்ட காலம்

1938 மார்ச் மாதத்தில் ஹிட்லரின் ஜேர்மனி ஒஸ்திரியாவைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. இயலாமையுடைய பிள்ளைகள் நாட்டுக்குச் சுமை என்பது நாசி ஆட்சியின் கொள்கை. வியன்னாவில் 1940இல் தொடங்கப்பட்ட ஸ்பீகல்கிரண்ட் என்ற நிலையத்தில் 1945 வரை 789 பிள்ளைகள் இறந்தனர். அவர்களுள் பலர் திட்டமிட்டே கொல்லப்பட்டவர்கள்.

அஸ்பேர்கர் நாசிக் கட்சியில் சேரவில்லை. எனினும் 1941இல் கடும் பாதிப்புடைய இரு சிறுமியரை அந்நிலையத்துக்கு அனுப்புமாறு அவர் எழுதினார். இருவரும் அங்கேயே இறந்தனர். 1942இல் 210 பிள்ளைகளைப் பரிசீலித்த குழுவொன்றிலும் அவர் அங்கம் வகித்தார். அக்குழு 35 பிள்ளைகளைக் கற்பிக்க முடியாதவர்கள் என வகைப்படுத்தியது. அக்காலத்தில் அந்த ஒரு சொல் பிள்ளையின் உயிரையே பறிக்கக்கூடியதாக இருந்தது.

யுத்தத்தின் பின்னர் அவர் பேராசிரியராக உயர்ந்து, 1980 ஒக்டோபர் 21ஆம் திகதி காலமானார். 2018இல் ஹேர்விக் செக் என்ற வரலாற்றாய்வாளர் பழைய ஆவணங்களை ஆராய்ந்து இவ்விடயங்களை விரிவாக வெளிக்கொணர்ந்தார். தாம் அனுப்பிய பிள்ளைகளுக்கு நேரவிருந்ததை அஸ்பேர்கர் எந்தளவுக்கு அறிந்திருந்தார் என்பது பற்றி ஆய்வாளர்களிடையே இன்றும் விவாதம் உண்டு.

பெயரும் அதன் மாற்றமும்

1981இல் பிரித்தானிய வைத்தியர் லோர்னா விங் எழுதிய கட்டுரையால் அஸ்பேர்கரின் பெயர் உலகெங்கும் பரவியது. 1994இல் அது அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கைந்நூலில் தனியான ஒரு நிலையாக இடம்பெற்றது. செயற்றிறன் கூடியவர், குறைந்தவர் என்று பிரித்துக் கூறும் வழக்கமும் பரவியது. இப்பிரிப்பு பெரும்பாலும் நுண்ணறிவுப் புள்ளியை வைத்தே செய்யப்பட்டது. இதனால் இரு தீமைகள் விளைந்தன.

1. செயற்றிறன் கூடியவர் எனப்பட்டவருக்குத் தேவையான உதவி மறுக்கப்பட்டது.
2. குறைந்தவர் எனப்பட்டவரின் திறமைகள் கவனிக்கப்படாது போயின.

2013இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பு அஸ்பேர்கர் என்ற தனிப்பெயரை நீக்கி, எல்லாவற்றையும் ஓட்டிச நிறமாலைக் கோளாறு என்ற ஒரே பெயரில் அடக்கியது. அதில் மூன்று நிலைகள் உள்ளன.

1ஆம் நிலை: ஆதரவு தேவை. முழு வசனங்களில் பேசுவார். ஆனால் உரையாடலைத் தொடரச் சிரமப்படுவார்.
2ஆம் நிலை: கணிசமான ஆதரவு தேவை. எளிய வசனங்களில், தமக்கு விருப்பமான சில விடயங்களைப் பற்றி மட்டும் பேசுவார்.
3ஆம் நிலை: மிகக் கணிசமான ஆதரவு தேவை. விளங்கக்கூடிய சில சொற்களையே பேசுவார்.

மேலே தரப்பட்ட உதாரணங்கள் சமூகத் தொடர்பாடலுக்கு உரியவை. திரும்பத் திரும்பச் செய்யும் நடத்தைகளுக்கு நிலை வேறாக மதிப்பிடப்படும். ஒருவர் ஒன்றில் 1ஆம் நிலையிலும் மற்றையதில் 2ஆம் நிலையிலும் இருக்கலாம். சூழலுக்கும் காலத்துக்கும் ஏற்ப இத்தேவை கூடலாம், குறையலாம். அமைதியான வீட்டில் இயல்பாக இருக்கும் பிள்ளை, இரைச்சல் மிக்க வகுப்பறையில் தடுமாறலாம்.

மாணவர்களே, இவ்விலக்கங்கள் பரீட்சைப் புள்ளிகள் அல்ல. இவை ஒருவரின் அறிவையோ பெறுமதியையோ அளப்பதில்லை. அவருக்கு எவ்வளவு உதவி வேண்டும் என்பதையே கூறுகின்றன. வியன்னாவில் ஒரு பிள்ளையால் என்ன பயன் என்று கேட்டுத் தரம் பிரித்தார்கள். இன்று நாம் கேட்க வேண்டியது அப்பிள்ளைக்கு என்ன தேவை என்பதே. உங்கள் வகுப்பில் தனித்து நிற்கும் மாணவனைக் காணும்போது இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்ளுங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. 1942ஆம் ஆண்டுக் குழு பிள்ளைகளை வகைப்படுத்திய முறைக்கும் 2013இன் மூன்று நிலைகளுக்கும் இடையிலான வேறுபாட்டை விளக்குக.
2. செயற்றிறன் கூடியவர், குறைந்தவர் என்ற பிரிப்பால் விளைந்த தீமைகள் இரண்டினைத் தருக.
3. ஒருவரின் ஆதரவுத் தேவை சூழலுக்கேற்ப மாறும் என்பதை உதாரணம் தந்து காட்டுக.