உங்கள் அறையின் பேஸ் உண்மையைச் சொல்கிறதா? ஓசையை அளக்கக் கற்றுக்கொடுத்த சபினின் கதை

வீட்டு அறையில் உட்கார்ந்து ஒரு பாட்டை மிக்ஸ் செய்கிறீர்கள். உங்கள் ஸ்பீக்கரில் பேஸ் கச்சிதமா இருக்கு. அதையே காரில் போட்டால் கதவே அதிர்கிறது. உடனே புது ஸ்பீக்கர் தேடாதீங்க. தப்பு அறையில் இருக்கலாம். அறையின் ஓசையை எண்ணாக மாற்றிக் காட்டியவர் வாலஸ் கிளெமென்ட் சபின். அவர் வாழ்க்கையைப் பார்த்தால் உங்கள் சிக்கல் பாதி புரிந்துவிடும்.

யார் இந்த சபின்?

1868-ல் அமெரிக்காவின் ஒஹையோ மாகாணத்தில் பிறந்தவர். 18 வயதில் பட்டம் பெற்று, ஹார்வர்டில் மேற்படிப்பு முடித்து, அங்கேயே இயற்பியல் ஆசிரியர் ஆனார். முனைவர் பட்டம் வாங்கவில்லை.

1895-ல் ஹார்வர்டின் புது ஃபாக் கலை அருங்காட்சியகத்தில் விரிவுரை அரங்கு திறந்தது. பேச்சு ஒன்றும் விளங்கவில்லை. ஒரு சொல் அடங்க சுமார் 5.5 விநாடி ஆனது. அதற்குள் அடுத்த வாக்கியமே வந்துவிடும். இதைச் சரிசெய்யும் வேலை 27 வயது சபினிடம் வந்தது.

இரவு, மெத்தை, கடிகாரம்

பகலில் தெருச் சத்தம் என்பதால் இரவில்தான் சோதனை. பக்கத்தில் இருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளைத் தூக்கி வருவார்கள். 512 ஹெர்ட்ஸ் ஆர்கன் குழாயை ஊதி நிறுத்துவார்கள். ஓசை காதில் அடங்க எத்தனை விநாடி என்று சபின் குறிப்பார். இன்னும் சில மெத்தைகள், மறுபடி அளவு. விடிவதற்குள் எல்லாம் திரும்பிப் போயாகணும். தான் போட்டிருக்கும் உடையே ஓசையை உறிஞ்சுகிறது என்று தெரிந்ததும், அதுவரை எடுத்த ஆயிரக்கணக்கான அளவுகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரே மாதிரி உடையில் முதலிலிருந்து தொடங்கினார்.

1898-ல் விடை கிடைத்தது. அறையின் கனஅளவு கூடினால் எதிர்முழக்க நேரம் கூடும்; ஓசையை உறிஞ்சும் பரப்பு கூடினால் குறையும். கன மீட்டரை 0.161-ஆல் பெருக்கி, உறிஞ்சும் பரப்பால் வகுத்தால் விநாடி வரும். திறந்த ஜன்னல் வழியே போன ஓசை திரும்பாது இல்லையா? அதுதான் அவருடைய அளவுகோல்.

உங்கள் அறை 4 × 3 × 3 மீட்டர் என்றால் 36 கன மீட்டர். 0.3 விநாடி வேண்டுமென்றால், சுமார் 19 சதுர மீட்டர் திறந்த ஜன்னலுக்குச் சமமாக உறிஞ்ச வேண்டும்.

கணக்கை நம்பி ஒரு அரங்கு

அந்தக் கணக்கை நம்பி பாஸ்டன் சிம்பொனி ஹால் 1900-ல் திறக்கப்பட்டது. தப்பினால் போவது சபினின் பெயர். தொடக்கத்தில் விமர்சனங்களும் வந்தன. அவர் கணித்தது 2.31 விநாடி, பிற்கால அளவீடுகளில், ஆட்கள் நிறைந்த அரங்கில் 2 விநாடிக்குச் சற்றுக் குறைவாகவே வந்தது. ஆனாலும் இன்றும் உலகின் சிறந்த இசை அரங்குகளில் அதுவும் ஒன்று.

சரி, பேஸ் எங்கே வந்தது?

சபின் 512 ஹெர்ட்ஸோடு நிற்கவில்லை. 64 முதல் 4,096 ஹெர்ட்ஸ் வரை அளந்தார். ஒரே பொருள் எல்லா ஓசையையும் ஒரே அளவில் உறிஞ்சாது என்று காட்டினார். கம்பளியின் தடிமன் கூடினால்தான் கீழ் ஓசையும் பிடிபடும். சுவரில் மெல்லிய ஃபோம் ஒட்டிய பிறகும் பேஸ் அடங்காததன் காரணம் இதுதான். 512 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 67 செ.மீ.; 64 ஹெர்ட்ஸுக்கோ 5 மீட்டருக்கு மேல்.

இங்கே சபினின் சூத்திரத்துக்கும் எல்லை உண்டு. ஓசை எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் பெரிய அரங்குக்கானது அது. சின்ன அறையில் பேஸ் அலை சுவர்களுக்கு நடுவே சிக்கிக்கொள்ளும். 4 மீட்டர் நீளத்தில் சுமார் 43 ஹெர்ட்ஸ் மூலைகளில் முழங்கும். நீளத்தின் சரிபாதியில் கிட்டத்தட்ட காணாமல் போகும். அங்கே உட்கார்ந்தால் பேஸ் குறைவாகக் கேட்கும், நீங்கள் ஏற்றிவிடுவீர்கள். கார் அதிர்வது அப்படித்தான். அந்தப் பள்ளத்தை ஈக்வலைசரால் நிரப்ப முடியாது. நாற்காலியை நகர்த்துங்கள், மூலைகளில் தடிமனான பேஸ் ட்ராப் வையுங்கள்.

முதல் உலகப் போர்ப் பணியில், சிறுநீரக நோயோடும் ஓய்வெடுக்காமல் உழைத்த சபின், 1919 ஜனவரியில் 50 வயதில் இறந்தார். அவருக்காக இல்லினாயில் கட்டப்பட்ட ஒலி ஆய்வகத்தில் வேலை செய்ய அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. ஓசையை உறிஞ்சும் அளவுக்கு இன்று 'சபின்' என்றே பெயர்.

அவரிடம் இருந்தது காதும் கடிகாரமும்தான். உங்களிடம் அளவீட்டு மைக்கும் இலவச மென்பொருளும் இருக்கு. அடுத்த ஸ்பீக்கருக்குப் பணம் கட்டும் முன் ஒரு மாலை ஒதுக்கி அறையை அளந்துவிடுங்கள்.