கூடல் ஈன்ற கலைச்செல்வி

அரங்கேற்றம் என்றதும் சிலம்பின் மாதவி நம் கண்முன் வந்து நிற்பாள். ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டுகள் பயின்று, பன்னிரண்டாம் வயதில் சோழன் அவையில் ஆடி, ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன் மாலையைப் பரிசாகப் பெற்றவள் அவள். இவ்வாண்டு எங்கள் நுண்கலை மன்றமும் ஓர் அரங்கேற்றத்தை நடத்த முனைந்தது. அந்த முயற்சியே மதுரையில் பிறந்த ஒரு பெருமாட்டியின் வரலாற்றை நாடிச் செல்ல என்னைத் தூண்டியது.

முதலாண்டு மாணவர் பதினாறு பேர் எங்கள் மன்றத்தில் ஒயிலாட்டம் பயின்றனர். இரு வரிசையாக நின்று, கைத்துணி வீசி, சலங்கை ஒலிக்க அடி வைக்கும் ஆட்டம் அது. அருகிலுள்ள சிற்றூரிலிருந்து மாலைதோறும் மிதிவண்டியில் வந்து கற்பித்தார் எங்கள் ஒயில் வாத்தியார். பயிற்சி முடிந்ததும் விழாக் குழு கூடியது. பொன்னெழுத்து அழைப்பிதழ், வண்ண விளக்கு, பட்டுத் துணி, பெரு விருந்து என்று பட்டியல் நீண்டது. செலவை ஆடுவோர் பதினாறு பேரும் பங்கிட்டுக் கொடுக்கட்டும் என்று சொன்னவன் செயலாளனாகிய நானே! மறுநாளே ஒரு மாணவன் பயிற்சிக்கு வரவில்லை. கீழமாசி வீதியில் மூட்டை சுமக்கும் தொழிலாளியின் மகன் அவன். பங்குப் பணத்தை வீட்டில் கேட்க மனமில்லாமல் ஆட்டத்தையே விட்டுவிட எண்ணினான் என்பதைப் பின்னரே அறிந்தேன். வரவேற்புரைக்குக் குறிப்பெடுக்க நூலகத்திற்குச் சென்ற எனக்கு அன்று கிடைத்தவர்தாம் ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார்.

இளமை

அம்மையார் 1904 ஆம் ஆண்டு பிப்ரவரி 29 ஆம் நாள் மதுரையில் பிறந்தார். நான்காண்டுக்கு ஒருமுறையே பிறந்தநாள் காணும் பேறு பெற்றவர்! தந்தையார் நீலகண்ட சாஸ்திரி பொதுப்பணித்துறைப் பொறியாளர், வடமொழி அறிஞர். தாயார் சேசம்மாள் இசையில் தோய்ந்தவர். பணியின் பொருட்டு ஊர் ஊராக மாறிய குடும்பம், தந்தை ஓய்வு பெற்றபின் சென்னை அடையாற்றில், பிரம்மஞான சபையின் அருகே குடியேறியது. அன்னி பெசன்ட் அம்மையாரின் நிழலில் ருக்மிணியின் உள்ளம் விரிந்தது.

1920 ஆம் ஆண்டு, தம் பதினாறாம் வயதில், சபையின் தொண்டரும் கல்வியாளருமான ஜார்ஜ் அருண்டேல் என்னும் ஆங்கிலேயரை மணந்தார். கணவர் அவரைவிட ஏறத்தாழ 25 ஆண்டுகள் மூத்தவர். அக்காலச் சமூகம் கொதித்தெழுந்தது. ஊரார் சினத்தைத் தாங்கும் உறுதியை அவர் அன்றே கற்றுக்கொண்டார் போலும்.

திருப்புமுனை

உருசிய நாட்டு நடனமணி அன்னா பாவ்லோவாவின் ஆடலை 1928 ஆம் ஆண்டில் பம்பாயில் கண்டார். பின்னர் ஆஸ்திரேலியா சென்ற கப்பலில் இருவரும் உடன் பயணிகளாயினர், நட்பு மலர்ந்தது. பாலே பயிலத் தொடங்கிய ருக்மிணிக்கு, உன் நாட்டின் கலையைத் தேடிச் செல் என்னும் வகையில் அறிவுரை கூறினார் பாவ்லோவா.

தேடிய கலை தம் நாட்டிலேயே, இழிசொல் சுமந்து ஒடுங்கிக் கிடந்தது. சதிர் என்ற பெயரில் கோயில் சார்ந்த குலப் பெண்டிரும் நட்டுவனார்களும் தலைமுறை தலைமுறையாகக் காத்த ஆடல் அது. தேவதாசி முறையை ஒழிக்க மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் ஒருபுறம் போராட, கலையைக் காக்க வேண்டும் என்று வழக்கறிஞர் ஈ. கிருஷ்ண ஐயர் மறுபுறம் குரல் கொடுத்த காலம். 1933 ஆம் ஆண்டு சென்னை இசைவிழாவில், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவியர் ஆடிய சதிரை ருக்மிணி தேவி கண்டார். கண்டவர் அக்கலைக்கே ஆட்பட்டார். மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பின்னர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் பாடம் கேட்டார்.

அரங்கேற்றம்

1935 ஆம் ஆண்டு, பிரம்மஞான சபையின் வைரவிழா மாநாட்டில் அவர் முதன்முதலாக மேடையேறினார். மாதவிக்கு வயது பன்னிரண்டு, இவருக்கோ முப்பத்தொன்று! உயர்சாதிக் குடும்பப் பெண் சதிர் ஆடுவதா என்று பலர் முகஞ்சுளித்தனர். அவர் அஞ்சவில்லை.

அவர் தம் மேடையை அமைத்த முறை எண்ணத்தக்கது. முன்பெல்லாம் பக்கவாத்தியக்காரர்கள் ஆடுபவர் பின்னால் நின்று, அவர் நகரும்போது தாமும் நகர்ந்து வாசிப்பது வழக்கம். அவர்களை மேடையின் ஒருபக்கத்தில் அமரச் செய்தார். மேடையில் நடராசர் திருவுருவத்தை வைத்தார். கோயிற் சிற்பங்களை நோக்கி உடையையும் அணியையும் வகுத்தார். இன்று நாடெங்கும் நடக்கும் அரங்கேற்றங்களில் பெரும்பாலானவை அவ்வழியைப் பின்பற்றுவனவே.

கலைக்கோயில்

1936 ஆம் ஆண்டு சனவரியில், அடையாற்றில் ஒரு மரத்தடியில், ஒரே ஒரு மாணவியோடு தொடங்கியது அவரது கலைக்கூடம். அதுவே பின்னர்க் கலாக்ஷேத்திரா ஆயிற்று. டைகர் வரதாச்சாரியார், மைசூர் வாசுதேவாச்சாரியார் போன்ற இசைப்பேரறிஞர்கள் அங்கே ஆசிரியராய் அமர்ந்தனர். நம் தென்பாண்டிச் சீமையின் குற்றாலக் குறவஞ்சி 1944 ஆம் ஆண்டு அங்கே நாட்டிய நாடகமாயிற்று. இராமாயணம் வரிசையாக அரங்கேறியது. ஆடவரே தாளம் பிடித்து நட்டுவாங்கம் செய்த நிலை மாறி, பெண்களும் தாளத்தைக் கையிலேந்தினர். நெசவுக்கும் அங்கே இடம் தந்தார். தமிழ்த் தாத்தா உ.வே.சா. சேர்த்த சுவடிகளையும் நூல்களையும் காக்க 1943 ஆம் ஆண்டு அவர் பெயரால் நூலகம் அமைய முன்னின்றவரும் அம்மையாரே. தமிழ் மாணவர் என்றும் மறக்கலாகாத உதவி இது!

1945 ஆம் ஆண்டு கணவர் மறைந்தார். பணி நிற்கவில்லை. 1952 ஆம் ஆண்டு மாநிலங்களவைக்கு நியமன உறுப்பினராகச் சென்ற அவர், வாயில்லா உயிர்களுக்காக வாதாடினார். அவர் எழுப்பிய குரலின் பயனே 1960 ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம். 1956 இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1977 இல் குடியரசுத் தலைவர் பதவிக்கு நிறுத்த மொரார்ஜி தேசாய் முன்வந்தபோது வேண்டாமென மறுத்தார். 1986 ஆம் ஆண்டு பிப்ரவரி 24 ஆம் நாள் மறைந்தார். அவர் வளர்த்த நிறுவனத்தை 1993 ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்ததாக அறிவித்தது.

ஓர் உறுத்தல்

புகழ்வதோடு நிறுத்திவிட்டால் வரலாறு முழுமை பெறாது. அம்மையாரின் துணிவால் எல்லா வீட்டுப் பெண்களுக்கும் அரங்கின் கதவு திறந்தது உண்மை. ஆனால் அக்கலையைக் காலங்காலமாகக் காத்த குலப் பெண்டிரில் பலர் அதே கதவுக்கு வெளியே நின்றுவிட்டதும் உண்மை. சிருங்காரத்தைக் குறைக்க விரும்பிய ருக்மிணி தேவியோடு, அதுவே ஆடலின் உயிர் என்று கருதிய பாலசரசுவதி அம்மையார் உடன்படவில்லை. இருவரும் பெரியவர்கள், தீர்ப்புக் கூற நான் யார்? எனினும் ஒரு கேள்வி என்னை விடவில்லை. ஓர் அரங்கேற்றத்தில் எவர் மேடையேறுகிறார் என்பதை மட்டும் பார்த்தால் போதுமா? எவர் கீழே நின்றுவிடுகிறார் என்பதையும் பார்க்க வேண்டாவா? இளங்கோவடிகள்கூட மாதவியை மேடையேற்றுமுன் ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் என ஒவ்வொருவரையும் முன்னிறுத்தியபின் அன்றோ அவளை ஆடவிடுகிறார்!

எங்கள் விழா

மறுநாள் குழுவைக் கூட்டி, பங்குப் பணம் கேட்ட தவறு என்னுடையது என்று ஒப்புக்கொண்டேன். பட்டியல் மாறியது. பொன்னெழுத்து அழைப்பிதழ் இல்லை; கரும்பலகையில் சுண்ணக்கட்டி அறிவிப்பே போதும். கூடத்துக்குப் பதில் மைதானத்து வேப்பமரத்தடி. வேட்டி அவரவருடையது, சலங்கையும் கைத்துணியும் மன்றத்தினுடையவை. விருந்து, எலுமிச்சைச் சோறும் சுண்டலும். முதல் மாலை சிறப்பு விருந்தினருக்கு அன்று, ஒயில் வாத்தியாருக்கு. இரண்டாவது மாலை தவிலடிப்பவருக்கு. இச்செய்தியைச் சொன்னபோது வாத்தியார் ஒன்றும் பேசவில்லை. மிதிவண்டியைச் சாத்திவிட்டு நெடுநேரம் துண்டால் முகம் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்த மாணவனின் வீட்டுக்கு நானே சென்றேன். இப்போது அவன் முதல் வரிசையில் ஆடுகிறான். இம்மலர் உங்கள் கைக்கு வரும்போது எங்கள் விழா முடிந்திருக்கும். மாதவி பெற்ற பொன் மாலை எங்கள் பதினாறு பேருக்கும் கிடைக்கப் போவதில்லை. ஆனால் பதினாறு பேரும் ஆடியிருப்பார்கள். மதுரை மண்ணில் பிறந்து, ஒரு மரத்தடியில் ஒரு கலைக்கூடத்தைத் தொடங்கிய அம்மையாருக்கு நாங்கள் செலுத்தும் வணக்கம் அதுவே.