எலிசா அக்னியூ அம்மையார்

பூகோள வகுப்பிலிருந்த எட்டு வயதிலேயே தூரதேசம் போய்ப் பணிசெய்யத் தீர்மானித்தவர் அக்னியூ அம்மையார். ஆயினும் பெற்றோர் உயிரோடிருக்கும்வரை அவர்களை விட்டு அகலவில்லை. 1840 இல் யாழ்ப்பாணம் வந்தபோது வயது 32. மணிக்கூட்டுக்குப் பழகிய நியூயோர்க்காரருக்கு, நல்லநாளும் நாழிகையும் பார்த்து நடந்த எமதூர் இலகுவாக இருந்திராது. 1842 முதல் 1879 வரை எமது உடுவில் விடுதிப் பாடசாலையை நடத்தினார். படித்து வெளியேறிய பிள்ளைகளையும் விடவில்லை. அவர்களைத் தேடி ஊர் ஊராகப் போனார்.

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒருதடவையேனும் தாய்நாடு திரும்பவில்லை. ஏனென்று கேட்டோருக்கு, அதற்கு நேரம் கிடைக்கவில்லை என்றாராம். சிறுவயதில் இதைப் பெருமையாகவே சொல்லித்திரிந்தோம். நாமும் பிறதேசங்களில் வாழ்ந்து பார்த்தபின்தான், அந்தப் பதிலுக்குள் ஏக்கமும் இருந்திருக்குமோ என்று யோசிக்கிறோம். ஆயிரம் பெண்பிள்ளைகளின் தாயெனப்பட்ட அவர், 1883 இல் மானிப்பாயில் காலமானார்.