தத்துவெட்டிகளை வகைபிரித்த ஹென்றி

காலபோகப் பயிர் செழித்து நிற்கும் நாட்களில் இரணைமடுவின்கீழ் வயல்வரம்பால் நடந்த எவரும் தத்துவெட்டியை அறிவர். காலடிக்கு முன்னே துள்ளிப் பறக்கும் அவ்வெட்டுக்கிளிகள் அனைத்தும் எமக்கு ஒரே பெயரின. அவற்றை ஒன்றினின்று ஒன்று பிரித்தறிந்து பெயரிடும் பணியில் நெடுங்காலம் உழைத்தவர் ஜீ. எம். ஆர். ஹென்றி. பறவை நூலாசிரியராக அவரை அறிந்தோர் பலர். பூச்சியியலாளராக அறிந்தோர் சிலரே.

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றில் 1891 இல் பிறந்த அன்னாருக்குத் தமக்கையரே வீட்டிற் கல்வி புகட்டினர். 1907 இல், மன்னார்க் கடலின் முத்துச்சலாபத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த கம்பனியின் ஆய்வுகூடத்தில் உதவியாளரானார். சலாபம் பொய்த்தது, கம்பனியும் நிலைக்கவில்லை. ஆயினும் இளைஞரின் சித்திரத் திறமை மேலாளர் கண்ணிற் பட்டிருந்தது. 1910 இல் கொழும்பு நூதனசாலையிற் சித்திரக்காரராகச் சேர்ந்தவர், 1913 இல் பூச்சிகளை வகைப்படுத்தும் பகுதிக்கு உதவியாளரானார். பட்டமேதும் பெறாதவர்க்கு இப்பதவி கிட்டியதில் எமக்கு வியப்பில்லை. பூச்சியை வரைபவன் அதன் கால்முட்களையும் எண்ணியே தீரவேண்டுமல்லவா?

நிறத்தை நம்பி இப்பணியைச் செய்தல் இயலாது. ஒரே இனத்திற் பச்சையும் உண்டு, கபிலமும் உண்டு. குறுகிய உணர்கொம்புடையவை ஒரு பெரும் பிரிவு. அவற்றின் செவி வயிற்றின் முதற் கண்டத்தில் உள்ளது. பல இனங்கள் பின்தொடையைச் சிறகில் உரசி ஒலியெழுப்பும். மயிரிழைபோல் நீண்ட உணர்கொம்புடையவை மற்றைய பிரிவு. அவற்றுக்குச் செவி முன்னங்காலில். சிறகோடு சிறகை உரசிப் பாடும். இவ்வளவையும் மாணவர் ஒரு கைவில்லையாற் காணலாம். நெருங்கிய இனங்களைப் பிரிப்பதற்கோ ஆணின் வயிற்று நுனியுறுப்புகளை நுணுக்குக்காட்டியின்கீழ் ஒப்பிட வேண்டும். இவ்வாறு ஒப்பிட்டு, அறிவியல் அதுவரை அறியாத இலங்கை இனங்கள் பலவற்றை ஹென்றி 1930 களில் விவரித்து எழுதினார்.

இதனால் உழவனுக்கு என்ன பயன் எனக் கேட்போரும் உளர். 2020 இல் பாலைவன வெட்டுக்கிளி இந்தியாவின் வடமேற்கைப் பாழாக்கிய வேளையில், குருநாகல் மாவத்தகமையிலும் வெட்டுக்கிளிகள் பெருகின. அக்கூட்டமே கடல் கடந்து வந்துவிட்டதென அச்சம் பரவியது. ஆராய்ந்தோர், அவை லின்னேயஸ் 1758 இலேயே பெயரிட்ட, சிறகில் மஞ்சட் புள்ளிகளும் பிடித்தால் நாற்றநுரை கக்கும் இயல்பும் கொண்ட வேறோர் இனமெனக் கண்டனர். பயிருக்கு அவையும் தீங்கானவையே. ஆனால் நாடு கடந்து படையெடுப்பவை அல்ல.

1946 இல் இளைப்பாறிய ஹென்றி இங்கிலாந்து சென்றார். 1955 இல் வெளிவந்த அவரது இலங்கைப் பறவைகள் பற்றிய நூல் பெரும்புகழ் பெற்று மறுபதிப்புகள் கண்டது. 1983 இல் அவர் காலமானார். தத்துவெட்டிக் கட்டுரைகளோ பழைய ஆய்விதழ்களுக்குள்ளேயே இருக்கின்றன.