விவியன் தாமஸ்: ஏட்டில் மறைக்கப்பட்ட உழைப்பு

பிறவி இதயக் குறையால் உடல் நீலம் பாரித்த குழந்தைகள் பெரும்பாலும் இளமையிலேயே இறந்த காலம் ஒன்று இருந்தது. இன்று அத்தகைய குழந்தையைப் பெற்றோர் நம்பிக்கையுடன் வரவேற்க வழிவகுத்தவர்களுள் ஒருவர், அமெரிக்கக் கறுப்பினத் தச்சரின் மகன் விவியன் தாமஸ்.

1910இல் லூசியானாவில் பிறந்த அவர், மருத்துவம் பயிலச் சேர்த்த பணத்தை வங்கி வீழ்ச்சியில் இழந்தார். 1930இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபிரட் பிளாலாக்கின் ஆய்வகத்தில் சேர்ந்தார். செய்தது ஆய்வுப் பணி. ஏட்டிலும் ஊதியத்திலும் அவர் தூய்மைப் பணியாளர். தூய்மைப் பணி இழிவன்று. செய்த வேலையை மறைத்துக் கூலியைக் குறைத்ததே அநீதி.

1941இல் இருவரும் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸுக்குச் சென்றனர். நுரையீரலுக்குக் கூடுதல் இரத்தம் செல்ல வழி தேடினார் குழந்தை இதய மருத்துவர் ஹெலன் டவுசிக். கைக்குச் செல்லும் தமனியை நுரையீரல் தமனியுடன் இணைக்கும் முறையை நாய்களிடம் சோதித்துச் செம்மைப்படுத்தியவர் தாமஸ். 1944 நவம்பர் 29 அன்று பதினைந்து மாதக் குழந்தைக்கு பிளாலாக் அறுவை செய்தபோது, பின்னால் நின்று வழிகாட்டியவரும் அவரே. ஆயினும் 1945இல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் அவர் பெயர் இல்லை. சிகிச்சை மற்ற இருவர் பெயரையே தாங்கியது.

1976இல் ஹாப்கின்ஸ் அவருக்கு அளித்த மதிப்புறு முனைவர் பட்டமும் மருத்துவத்திற்கன்று, சட்டத்திற்கே. 1985இல் அவர் மறைந்தார். இப்போது அச்சிகிச்சையின் பெயரில் தாமஸும் சேர்க்கப்படுகிறார். பதவிப்பெயரைக் காட்டி உழைப்பை மறுக்கும் ஏடுகளை நீதிமன்றங்களில் நாள்தோறும் எதிர்கொள்ளும் நாம், உரியவர் உயிரோடிருக்கும்போதே அவை திருத்தப்பட வேண்டும் என்கிறோம்.