ஐதரில்லாவின் குமிழிகளும் சேர் ஜகதீஸ் சந்திர போசும்

முகவையில் நீர், அதனுள் ஐதரில்லா, மேலே கவிழ்த்த புனல், அதன்மீது நீர் நிரப்பிய சோதனைக்குழாய். ஒளித்தொகுப்பில் ஒட்சிசன் வெளிவருவதைக் காட்டும் இப்பரிசோதனையை நீங்கள் நன்கறிவீர்கள். வந்தாறுமூலைப் பிள்ளைகள் இத்தாவரத்தைத் தேடி உவர்நீர் வாவிக்குப் போகாமல் நன்னீர்க் குளங்களிலேயே தேடுங்கள். இந்த எளிய நீர்ப்பூண்டைக் கொண்டு புதிய உண்மையொன்றைக் கண்டவரே சேர் ஜகதீஸ் சந்திர போஸ்.

இவர் 1858 நவம்பர் 30 ஆம் திகதி, இன்று பங்களாதேசத்தில் உள்ள பகுதியில் பிறந்தார். தந்தையார் அரசாங்க உயர் அதிகாரி. எனினும் மகனை ஆங்கிலப் பாடசாலைக்கு அனுப்பாமல் வங்காள மொழிப் பாடசாலையிலேயே சேர்த்தார். அங்கே மீனவர் ஒருவரின் மகன் இவருக்குப் பக்கத்தில் அமர்ந்து படித்தான். நீர்வாழ் உயிரிகள் பற்றி அவன் சொன்ன கதைகளே போசுக்கு இயற்கையில் ஆர்வத்தை ஊட்டின. தாய்மொழியில் கற்கும் நீங்கள் இதனைக் கவனிக்க வேண்டும்.

கேம்பிறிட்ஜில் கற்றுத் திரும்பியவர் 1885 இல் கல்கத்தா பிரசிடென்சிக் கல்லூரியில் பௌதிகவியல் கற்பிக்கத் தொடங்கினார். ஐரோப்பியருக்குக் கொடுத்ததிலும் குறைந்த சம்பளமே இவருக்குத் தரப்பட்டது. அதனைத் தொடாமலே மூன்று ஆண்டுகள் கற்பித்தார்! முடிவில் நிலுவை முழுவதும் வழங்கப்பட்டது. வானொலி அலை ஆய்வுகளால் புகழ்பெற்ற பின்னர் தாவரங்களின் பக்கம் திரும்பினார். 1917 இல் போஸ் ஆய்வுநிலையத்தை நிறுவினார். 1920 இல் இலண்டன் றோயல் சங்கத்தின் உறுப்பினரானார்.

குமிழிகளைக் கண்ணால் எண்ணும்போது தவறு நேரும். அவை ஒரே பருமனாகவும் இரா. போஸ் இதற்கு ஒரு கருவி அமைத்தார். காபனீரொட்சைட்டு போதியளவு கரைந்த நீரில் ஐதரில்லாவை வைத்து, வாயு வெளியேறும் குழாய் வாயை ஓர் இரசத்துளியால் மூடினார். ஒட்சிசன் சேர்ந்து அத்துளியைத் தள்ளிக்கொண்டு வெளியேறும்போது மின்சுற்று பூர்த்தியாகும். அக்கணமே மணி ஒலிக்கும், அல்லது சுழலும் உருளையில் ஒரு புள்ளி பதியும்.

நீரில் காபனீரொட்சைட்டு ஏன் இவ்வளவு முக்கியம்? காற்றிலும் பார்க்க நீரில் அது ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகவே பரவுகிறது. எனவேதான் பரிசோதனை நீரில் சிறிது சோடியம் இருகாபனேற்று இடுகிறோம். பரீட்சையில் அடிக்கடி வரும் காரணம் இது. மீன்தொட்டியில் தாவரம் வளர்ப்போர் போத்தலில் சீனிக்கரைசலும் மதுவமும் இட்டு, நொதித்தலில் வரும் வாயுவைக் குழாய் வழியே தொட்டிக்குச் செலுத்துவதும் இதற்காகவே. போத்தலை வாயு வெளியேற வழியின்றி இறுக மூடினால் அது வெடிக்கலாம். வாயு மிகுந்தால், குறிப்பாகத் தாவரம் ஒட்சிசன் வெளியிடாத இரவில், மீன்கள் மூச்சுத்திணறும்.

கோடைகால ஐதரில்லாவோ போசை வியக்க வைத்தது. நீரில் காபனீரொட்சைட்டு இல்லாதபோதும் ஒளியில் அது ஒட்சிசனை வெளியிட்டது. தாவரத்தினுள் இருந்த மலிக் அமிலமே இதற்கு உதவுகிறது என 1924 இல் வெளிவந்த ஒளித்தொகுப்பு பற்றிய தமது நூலில் விளக்கினார். அன்றைய அறிவுக்கு அது பொருந்தவில்லை. 1937 நவம்பர் 23 இல் அவர் காலமானார். பல பத்தாண்டுகள் கழிந்த பின்னரே, காபனீரொட்சைட்டு குறையும்போது ஐதரில்லா அதனை முதலில் மலிக் அமிலம் போன்ற நான்கு காபன் சேர்வைகளாகச் சேகரித்துப் பயன்படுத்துகிறது என்பதை ஆய்வாளர்கள் உறுதிசெய்தனர்.